உடைந்த ஓட்டிலிருந்து ஓர் ஊர்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று பல ஆண்டுகளின் பின் தன் வளவுக்குத் திரும்பினால் முதலில் செய்யும் வேலை துப்புரவு வேலையாகும். பற்றையை வெட்டுவார்கள். இடிந்த சுவரின் கற்களை ஒரு பக்கமும், உடைந்த ஓடுகளை இன்னொரு பக்கமும், துருவேறிய தகரங்களை வேறொரு பக்கமுமாகக் குவிப்பார்கள். மண்ணைக் கிளறும்போது பீங்கான் துண்டு ஒன்று வரும், காப்புத் துண்டு வரும், பிள்ளையின் ஒற்றைச் செருப்பு வரும். அவற்றில் எதை எறிவது, எதை வைத்திருப்பது என்று வீட்டுக்காரி ஒரு கணம் யோசித்து நிற்பதை நாம் எமது பணியிடங்களிற் பலமுறை கண்டிருக்கிறோம்.

கனகராயன்குளத்து மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. கண்டி வீதியின் இருமருங்கும் குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்தவர்கள் 1997இல் ஒருமுறையும் 2008இல் மறுமுறையும் வீடுவாசலை விட்டுப் போனார்கள். இரண்டு தடவையும் அவர்கள் திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தவை உடைந்த பொருட்களே. உடைந்த பொருளை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்யலாம்? அடுப்புக்குக் கல் வைக்கலாம், வேலிக்குத் தகரம் அடிக்கலாம். அதற்கு மேலும் ஏதேனும் உண்டா? இக்கேள்விக்குத் தமது வாழ்நாள் உழைப்பால் விடை தந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரும் எம்மைப்போல் ஊரை இழந்தவர். கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய கதையை எமது வாசகர்கள் அறிந்திருப்பது நன்று எனக் கருதுகிறோம்.

அகதியாய் வந்த கமக்காரன் மகன்

நேக் சந்த் 1924ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் திகதி பஞ்சாப்பின் சக்கர்கர் பகுதியிலுள்ள ஒரு கிராமத்திற் பிறந்தார். காய்கறி பயிரிட்டு விற்று வாழ்ந்த குடும்பம் அவருடையது. தாய் சொல்லும் அரசர் கதைகளைக் கேட்டு வளர்ந்த சிறுவன், ஆற்றங்கரையிற் கிடந்த கல்லையும் காப்புத் துண்டையும் பொறுக்கி விளையாட்டுக் கோட்டைகள் கட்டினான்.

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தன. எல்லைக்கோடு பஞ்சாப்பை இரண்டாக வெட்டியது. நேக் சந்தின் கிராமம் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. குடும்பம் இந்தியப் பக்கம் ஓடி வந்தது. வயல், கிணறு, வீடு, ஆற்றங்கரை எல்லாம் கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்டன. அந்நாட்களில் இரு பக்கமுமாக ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பது வரலாறு.

பஞ்சாப்பின் பழைய தலைநகரான லாகூரும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டபடியால், இந்தியப் பஞ்சாப்புக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. அதுவே சண்டிகர். லெ கொர்புசியே என்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதைத் திட்டமிட்டார். நேரான வீதிகள், அளந்து வகுத்த வட்டாரங்கள், வெறும் சீமெந்தில் எழுந்த பெருங்கட்டடங்கள் என அந்நகர் உருவாயிற்று. அந்த நகர வேலையில் நேக் சந்துக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. பொதுவேலைத் திணைக்களத்தில் வீதி ஓவசியர் வேலை அது.

இங்கே நாம் ஒரு விடயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். புதிய நகரம் வெறும் நிலத்தில் எழவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களை அகற்றிவிட்டே அது எழுந்தது. அந்தக் கிராமங்களில் இருந்தவர்களும் கமக்காரரே. அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. மண்பானைகள், ஓடுகள், வளையல்கள், பழைய சைக்கிள்கள், பீங்கான்கள் ஆகியவை குப்பைமேடுகளிற் குவிந்தன. ஊரார் அவற்றைக் குப்பை என்றார்கள். தன் கிராமத்தை இழந்துவந்த ஓவசியருக்கோ அவை இன்னொரு கிராமத்தின் எச்சங்களாகத் தென்பட்டன.

ஒரு குடிலும் ஒரு சைக்கிளும்

நகரின் வடபுறத்தில் சுக்னா ஏரிக்கு அருகே அரசின் காப்புக்காடு ஒன்று இருந்தது. அங்கே எவரும் எதையும் கட்டக்கூடாது. 1950களின் பிற்பகுதியில் நேக் சந்த் அக்காட்டினுள் ஒரு சிறு இடத்தைத் துப்புரவாக்கி, ஒரு சிறிய குடிலைப் போட்டார். அதுவே அவருடைய களஞ்சியமும் பட்டறையும். பகலில் உத்தியோகம். மாலையில் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுவார். சுற்றுவட்டாரத்து ஆற்றுப்படுகைகளில் மனிதரைப்போல், பறவையைப்போல், மிருகத்தைப்போல் தோற்றமளிக்கும் கற்களைத் தேடியெடுத்துச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வருவார். இடிபாட்டுக் குவியல்களிலிருந்து உடைந்த பொருட்களையும் அவ்வாறே சேர்த்தார். இருட்டியபின் பழைய ரயர்களை எரித்து அந்த வெளிச்சத்தில் வேலை செய்ததும் உண்டு.

ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்தாரே தவிர, அவசரப்பட்டு எதையும் செய்து முடிக்கவில்லை. பொருள் சேரச் சேர எது எதற்கு உதவும் என்பது அவருக்குப் புலப்படலாயிற்று. அதன் பின்னரே உருவங்கள் எழத் தொடங்கின.

இவருக்கு ஓவியப் பள்ளிப் படிப்புக் கிடையாது. பணம் கொடுத்து வாங்கிய சாயமோ சலவைக்கல்லோ இல்லை. வசதியான கூடமும் இல்லை. ஒரு குடில், ஒரு சைக்கிள், ஓய்வு நேரம், பிறர் எறிந்த பொருட்கள், தன் ஊரைப் பற்றிய நினைவு ஆகிய இவை ஐந்துமே அவருடைய முதலீடு. ஏறக்குறைய 18 ஆண்டுகள் வெளியுலகம் அறியாமல் இந்த வேலை நடந்தது.

எவ்வாறு செய்தார்?

கைவேலை தெரிந்த எமது வாசகர்கள் இதை அறிய விரும்புவார்கள். நேக் சந்தின் முறை ஒரு சாதாரண மேசனுக்கும் விளங்கக்கூடியது.

முதலில் ஒரு எலும்புக்கூடு. இரும்புக் கம்பி, பழைய குழாய், சைக்கிளின் உடைந்த பாகங்கள் ஆகியவற்றால் அதை அமைத்தார். சைக்கிளின் முன்கவை ஒரு மிருகத்தின் கால்களாயிற்று, சட்டம் உடலாயிற்று, சீற் தலையாயிற்று. அதன்மேல் சீமெந்தும் மணலும் கலந்த சாந்தைப் பூசி உடலை உருவாக்கினார். கடைசியாகத் தூய சீமெந்துப் பூச்சு. அது இறுகுமுன் உடைந்த கண்ணாடிக் காப்புகளையும், பீங்கான் துண்டுகளையும், இரும்பு உருக்கும் பட்டறைகளிலிருந்து வந்த கசடுகளையும் அழுத்திப் பதித்தார். இவ்வாறு பல்லாயிரம் காப்புத் துண்டுகள் ஒரு பெண்ணின் சேலையாகின. வெள்ளைப் பீங்கான் துண்டுகள் கொக்கின் இறகாகின. உருக்குலைந்த கசடு குரங்கின் உரோமமாயிற்று.

மதில்களையும் அவர் அவ்வாறே கட்டினார். வீதி போடத் தார் வந்த வெற்றுப் பரல்களை வரிசையாக நிறுத்தி ஒரு மதில், உடைந்த மண்பானைகளால் ஒரு மதில், பழைய மின்சாரப் பொருத்திகளால் ஒரு மதில். பிற்காலத்தில் பழந்துணிகளைக்கொண்டும் ஆளுயர உருவங்களைச் செய்தார்.

அவர் செய்தவை எவை என்பதையும் பாருங்கள். குடம் சுமக்கும் பெண்கள், மேளம் அடிப்போர், ஆடுவோர், குதிரைகள், குரங்குகள், பறவைகள். அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. அது ஒரு கிராமம். தாய் கதையிற் கேட்ட அரசும், தான் விட்டுவந்த ஊரும் அங்கே ஒன்றுகலந்து நிற்கின்றன. சில வாசல்களை அவர் வேண்டுமென்றே பதிவாக வைத்தார். எவ்வளவு பெரியவரும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

காப்பாற்றியது யார்?

1970களின் நடுப்பகுதியில் இந்த இரகசியம் அரசுக்கு வெளிப்பட்டது. அப்போது ஏறத்தாழ 12 ஏக்கரில் முற்றங்களும் உருவங்களும் பரந்திருந்தன. சட்டப்படி பார்த்தால் அது காப்புக்காட்டினுள் அனுமதியின்றி எழுந்த வேலை. இடித்துத் தள்ளிவிடும் அபாயம் இருந்தது. ஆனால் செய்தி பரவியதும் சண்டிகர் மக்கள் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் அதன் பக்கம் நின்றார்கள். அதிகாரிகளிலும் சிலர் அதன் பெறுமதியை உணர்ந்தார்கள். 1976இல் அது ‘றொக் கார்டன்’ என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வீதி ஓவசியரை அந்த வேலையிலிருந்து விடுவித்து, சம்பளமும் 50 தொழிலாளரும் கொடுத்து, பூங்காவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். உடைந்த பீங்கானும் பழந்துணியும் சேர்க்க நகரில் நிலையங்கள் அமைந்தன. 1983இல் இந்தியத் தபால் முத்திரை ஒன்றில் அப்பூங்கா இடம்பெற்றது. 1984இல் அவருக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது.

இத்துடன் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதென நாம் எண்ணலாகாது. பின்னர் வீதி அமைப்பதற்காகப் புல்டோசர்கள் வந்தபோது நகர மக்களே குறுக்கே நின்று தடுத்தார்கள். 1996இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையில் சிலர் புகுந்து உருவங்களை உடைத்தார்கள். அவர் 2015 ஜூன் 12ஆம் திகதி, 90ஆவது வயதிற் காலமானார். அதற்குப் பின்னும் சோதனை ஓயவில்லை. 2025இன் முற்பகுதியில் அயலிலுள்ள உயர்நீதிமன்றத்தின் வாகனத் தேவைகளுக்காகப் பூங்கா மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்கள் மீண்டும் குரல்கொடுத்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு தனிமனிதர் இரவில் ஒளித்துச் செய்ததை, பகலில் வந்து பார்த்த மக்கள் தமதென்று ஏற்றுக்கொண்டார்கள். அதனாலேயே அது நிலைத்தது. உருவங்களுக்குச் சீமெந்து வலுக் கொடுத்தது. பூங்காவுக்கு மக்களின் உரிமையுணர்வே வலுக் கொடுத்தது. தமது பாட்டியின் வீட்டுப் பானையையும் தாயின் கைக்காப்பையும் அம்மக்கள் அங்கே கண்டுகொண்டார்கள் போலும்.

எமது மண்ணில்

வட இந்தியாவில் ஒருவர் செய்ததை வைத்து எமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். எமது மண்ணிலும் இவ்வழியிற் சிந்தித்தோர் உள்ளனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் அவர்களில் முக்கியமானவர். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த கண்காட்சி ஒன்றுக்காக அவர் சாதாரண மக்களின் வீடுகளிலிருந்து போர்க்காலத்தில் எஞ்சிய சிறு பொருட்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்தார். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புனரமைக்கப்பட்ட அந்த நூலகத்தில், புத்தகத்துக்குப் பதிலாக மக்களின் பொருட்களே வரலாறு சொன்னன.

2011இல் அவருடைய இன்னொரு வேலை நூலாக வெளிவந்தது. முடிவுறாத தோம்பு என்பது அதன் பெயரின் பொருள். தோம்பு என்றால் எமது முதியவர்களுக்கு விளங்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் காணிகளையும் அவற்றுக்கு உரியவர்களையும் எழுதிவைத்த பதிவேடு அது. சனாதனன் வடக்குக் கிழக்கில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அரசன் எழுதாத அந்தத் தோம்பை மக்கள் தமது கையால் எழுதினார்கள். இவ்வாறு கிடைத்த 80 வீட்டுப் படங்கள் அந்நூலில் உள்ளன. கோணலான கோடுகளில் குசினியும் சாமியறையும் கிணறும் மாமரமும் வேலியும் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் எதிராக, அதே வீடு கட்டடக் கலைஞரின் நேர்கோட்டிலும் ஓவியரின் கையிலும் மீண்டும் வரையப்பட்டிருக்கிறது. இல்லாமற்போன வீடு தாளில் நிற்கிறது.

நேக் சந்த் பொருளைச் சேர்த்தார். சனாதனன் நினைவைச் சேர்த்தார். இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் எனலாம்.

வன்னி மக்களின் கைத்திறனும் சாதாரணமானதன்று. 2009இல் பங்கருக்கு மண்மூடை இல்லாதபோது எமது தாய்மார் தமது சேலைகளையே, சிலர் கூறைச்சேலையையும்கூட வெட்டிப் பைகள் தைத்தார்கள். முகாமில் தறப்பாள் துண்டு பாடசாலைப் பையாயிற்று. உரப்பை மறைப்பாயிற்று. எண்ணெய்க் கான் பூச்சாடியாயிற்று. இவற்றை வறுமையின் அடையாளம் என்று மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். அவற்றில் ஆக்கும் அறிவும் இருக்கிறது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

சிறிய வீட்டில் என்ன செய்யலாம்?

மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றின் வீடு இன்று 550 சதுர அடிதான். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வழங்கப்பட்ட அளவு அது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டது; சொந்தக்காரரே நின்று கட்டினார்கள். எல்லா வீடுகளும் ஒரே சாயலில் இருப்பதால் இது எம்முடைய வீடு என்ற உணர்வு வரவில்லை என்று சிலர் எம்மிடம் கூறியதுண்டு. நியாயமான குறை. ஆனால் அதை நீக்கும் வழி எமது வளவிலேயே கிடக்கிறது.

முதலாவது, எறியுமுன் வகைபிரித்து வையுங்கள். பீங்கான் ஒரு உரப்பையில், கண்ணாடி இன்னொன்றில், ஓடு வேறொன்றில். வளவின் ஒரு மூலையில் நாலு கதியால் நட்டு ஒரு கிடுகுக் கொட்டில் போட்டால் போதும். நேக் சந்தின் தொடக்கமும் அதுதான்.

இரண்டாவது, சிறிதாகத் தொடங்குங்கள். கிணற்றுக்கட்டைத் திருத்தும்போதோ திண்ணை போடும்போதோ மிஞ்சும் சாந்து போதும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த மணல். பூச்சு இறுகுமுன் துண்டுகளைப் பதித்து, கூரான விளிம்புகளை உள்ளே அமுக்கி, ஒரு கிழமைக்கு ஈரச்சாக்கு போட்டு நனைத்து வாருங்கள். விட்டுவந்த வீட்டின் ஓடு ஒன்று புதுத் திண்ணையிற் பதிந்திருந்தால், பிள்ளை கேட்கும், நீங்கள் கதை சொல்வீர்கள்.

மூன்றாவது, இது மிக முக்கியமான எச்சரிக்கை. நேக் சந்த் நடந்த ஆற்றுப்படுகையில் வெடிபொருள் இருக்கவில்லை. எமது மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்களையும் உயிர் இழந்தவர்களையும் நாம் அறிவோம். அடையாளம் தெரியாத உலோகம் எதையும் தொடவேண்டாம், தட்டவேண்டாம், எரிக்கவேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை அறிந்த வளவுக்குள் மட்டும் தேடவிடுங்கள். ரயர் எரித்து வேலை செய்வதையும் பின்பற்ற வேண்டாம். அப்புகை நெஞ்சுக்குக் கேடு.

நான்காவது, வரையுங்கள். திரும்பிப் போகமுடியாதவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தமது சொந்த வளவுகளுக்குப் போகமுடியாமல் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. வீடு இல்லாமற்போனவர்களும், வீட்டுக்குப் போகமுடியாதவர்களும் ஒரு கொப்பித் தாளில் அவ்வீட்டை வரையுங்கள். வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே, எல்லையில் எந்த மரம், அடுத்த வளவு யாருடையது, குளத்துக்குப் போகும் ஒழுங்கை எது என்பவற்றைக் குறியுங்கள். அப்பு ஆச்சியைப் பக்கத்தில் இருத்திப் பேரப்பிள்ளை வரையட்டும். முதியவர் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். இப்படம் காணி உறுதிக்கு ஈடாகாது. அலுவலகத்தில் உறுதியோ பெர்மிற்றோதான் கேட்பார்கள். அவற்றைத் தேடிப் பத்திரப்படுத்துவது தனி வேலை. ஆனால் உறுதியில் மாமரம் இராது; ஆச்சி பிட்டு அவித்த மூலை இராது. அவற்றைப் பிள்ளைக்குக் கையளிக்க வேறு ஏடு இல்லை.

ஐந்தாவது, ஒளித்து வைக்கவேண்டாம். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு ஒருநாள் ஊர்ப் பொதுமண்டபத்தில் இப்படங்களையும் சேர்த்த பொருட்களையும் பார்வைக்கு வைக்கலாம். ஒவ்வொன்றின் கீழும் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். இதற்குப் பெருஞ்செலவு வராது.

முடிவாக

கலை என்பது வயிறு நிறைந்தவர்களின் வேலை என்ற எண்ணம் எம்மவரிடையே உண்டு. முதலில் கிணறு, முதலில் விதைநெல், முதலில் கூரை, மற்றதெல்லாம் பிறகு என்பார்கள். கிணறும் விதைநெல்லும் கூரையும் முதலில் வேண்டும் என்பதில் எமக்கும் மாறுபாடில்லை. எனினும் ஊரை இழந்த ஓர் ஓவசியர், சம்பளத்தில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, மாலை நேரத்தை மட்டும் கொண்டு ஓர் ஊரையே எழுப்பினார் என்பதும் உண்மை. இழந்த ஊர் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அது இன்றும் எல்லைக்கு அப்பாலேயே இருக்கிறது. ஆனால் அவ்வூரைப் பற்றி அவர் நினைவில் வைத்திருந்தவை இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்து பார்க்கும் இடத்தில் நிற்கின்றன.

கூரை போட்டு மிஞ்சிய ஓட்டை எறியவேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். அடுத்த மாரிக்கு முன் ஒரு சிறு திண்ணை, ஒரு கிணற்றுக்கட்டு, ஒரு தாளில் ஒரு வீட்டுப் படம் என ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்கட்டும்.